கொள்கலமும் கொள்ளளவும்

விரைந்து கொடுப்பவன் ஒருவனும் ஆறுதலாக வாங்குபவன் ஒருவனும் எதிர்ப்படும் இடமெங்கும் இருவருக்குமிடையே ஒரு திண்ணை வேண்டியிருக்கிறது. கணினியின் நினைவகத்துள்ளும் அத்தகைய திண்ணைகள் பல உள. ஆங்கிலத்தில் 'பஃபர்' என வழங்கும் இவற்றைத் தமிழில் தாங்ககம் எனலாம். இரசாயனம் கற்கும் மாணவர் தாங்கற் கரைசலை அறிவர். அஃது அமிலத்தின் தாக்கத்தைத் தாங்குவது போல, இது வேகத்தின் தாக்கத்தைத் தாங்குகிறது.

தவணைப் பரீட்சைக் காலத்தில் எங்கள் கல்லூரி அலுவலகத்தில் இதனைக் கண்கூடாகக் காணலாம். நாற்பது பக்கங்களைக் கணினி இமைப்பொழுதில் அனுப்பிவிடுகிறது. அச்சுப்பொறியோ ஒவ்வொரு தாளாகவே வெளிவிடுகிறது. எஞ்சிய பக்கங்கள் தாங்ககத்திலே முறை பார்த்து நிற்கின்றன. இதனை அறியாத ஆசிரியர் சிலர், இன்னும் வரவில்லையே என்று மீண்டும் மீண்டும் விசையை அழுத்தி, ஒரு பிரதி வேண்டிய இடத்தில் நான்கு பெற்று விழிப்பதுமுண்டு. கடதாசி விற்கும் விலையில் அதிபர் அதனை இரசிப்பதில்லை.

தாங்ககத்தை அமைக்கும் முறைகளுள் என் மனத்துக்கு உகந்தது வட்டத் தாங்ககம். எண்ணிட்ட இருக்கைகளை வட்டமாகப் போட்டாற் போன்றது அது. அடுத்து எங்கே இடுவது என்று காட்ட ஒரு சுட்டியும், எங்கிருந்து எடுப்பது என்று காட்ட ஒரு சுட்டியும் உண்டு. இரண்டும் ஒரே திசையிற் சுற்றிவரும். கடைசி இருக்கையைக் கடந்ததும் முதலிருக்கைக்கே மீளும். ஆகலின் உள்ளிருக்கும் எதனையும் இடம்பெயர்க்க வேண்டியதில்லை. சிறியதோர் இடம் ஓயாது பயன்படுகிறது.

ஆயினும் இதில் ஒரு சிக்கல் உண்டு. இரு சுட்டிகளும் ஒரே இருக்கையைக் காட்டுமாயின், வட்டம் வெறுமையாக உள்ளதா, நிறைந்துள்ளதா? இரு நிலையிலும் தோற்றம் ஒன்றே. எளிய தீர்வு யாதெனில், ஓர் இருக்கையை எப்பொழுதும் வெறுமையாக விடுதல். எட்டு இருக்கை கொண்ட வட்டத்தில் ஏழு பொருள்களே அமரும்.

உயர்தர வகுப்பில் இதனை வரைந்து காட்டியபோது மாணவியொருத்தி, "அப்ப ஓர் இடம் வீண்தானே, சேர்?" என்றாள். நல்ல கேள்வி. உள்ளிருப்பவற்றின் எண்ணிக்கையைத் தனியே குறித்து வைத்தால் அவ்விடத்தையும் நிரப்பலாம். ஆனால் அவ்வெண்ணை இடுபவனும் எடுப்பவனும் மாற்ற நேரும். ஒரே கணத்தில் இருவரும் கைவைத்தால் கணக்குப் பிழைபடக்கூடும். அதனைக் காக்க வேறு காவல் வேண்டும். வெற்றிருக்கை வீணன்று, பிழை நேராதிருக்க நாம் கொடுக்கும் விலை அது.

இவ்விலையைக் கொடுக்க மறுத்ததன் பயனை உலகம் 1988 நவம்பர் 2ஆம் திகதி கண்டது. கோர்னெல் பல்கலைக்கழகப் பட்டப்பின்படிப்பு மாணவரான ரொபேட் மொறிஸ் என்பவர் அன்று இணையத்தில் ஒரு நிரலை உலவவிட்டார். அது புகுந்த வாயில்களுள் ஒன்று, யுனிக்ஸ் கணினிகளிலிருந்த 'ஃபிங்கர்' என்னும் சேவை. வெளியிலிருந்து வரும் வரியை அச்சேவை 512 எழுத்துகள் கொள்ளும் தாங்ககத்தில் வாங்கி வைத்தது. அதற்குப் பயன்பட்ட 'கெற்ஸ்' என்னும் சி மொழிச் செயற்கூறோ கொள்கலத்தின் அளவை வினவுவதேயில்லை, வந்ததையெல்லாம் ஊற்றும். மொறிஸின் நிரல் 536 எழுத்துகளை அனுப்பிற்று. மிகுந்தவை அடுத்திருந்த நினைவகப் பகுதிக்குள் வழிந்து, பணி முடிந்ததும் கணினி எங்கே திரும்பிச் செல்லவேண்டும் என்று குறித்திருந்த முகவரியை மாற்றின. வீட்டுத் திறப்பு விருந்தினன் கைக்குப் போயிற்று. ஆயிரக்கணக்கான கணினிகள் திணறின. அளவை ஒருமுறை ஒப்பிட்டிருந்தால் அவ்வாயில் அடைபட்டிருக்கும். 'கெற்ஸ்' சி மொழியின் நியமத்திலிருந்து நீக்கப்பட்டதோ 2011இலே தான்!

"இடம் போதாட்டில் தாங்ககத்தைப் பெரிசாக்கினால் என்ன, சேர்?" என்று கேட்டான் இன்னொரு மாணவன். இதற்கு விடை என் வீட்டிலேயே கிடைத்தது.

என் தாயார் ஞாயிறுதோறும் கனடாவிலுள்ள என் தம்பியுடன் இணையவழி உரையாடுவார். சில மாதங்களுக்கு முன்னர் ஒருநாள் முகம் வாடியவராய், "அவன் முந்தின மாதிரி இல்லை, மோனை. கேட்டதுக்கு யோசிச்சு யோசிச்செல்லோ மறுமொழி சொல்லுறான்" என்றார். தம்பி யோசித்தவனல்லன். அதே வேளையில் என் மகன் இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காணொளியை இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தான். 'ரௌட்டர்' எனப்படும் வழிப்படுத்தியின் தாங்ககத்தைக் காணொளித் துணுக்குகள் நிறைத்து நிற்க, என் தாயாரின் சொற்கள் அவற்றின் பின்னால் வரிசையில் நின்றன. ஒரு சொல்லும் தொலையவில்லை. எல்லாம் பிந்திப் போயின. ஒரு தாயின் மனத்தைச் சுடுவதற்கு அப்பிந்துதல் போதுமானதாயிருந்தது.

அமெரிக்கப் பொறியியலாளர் ஜிம் கெற்றிஸ் 2010ஆம் ஆண்டளவில் தம் வீட்டு இணைப்பிலேயே இத்தகைய தாமதத்தை ஆராய்ந்து, அதற்குத் தாங்கக வீக்கம் எனப் பொருள்படும் 'பஃபர்புளோட்' என்னும் பெயரை இட்டார். நினைவகம் மலிந்தபின் உற்பத்தியாளர் தாங்ககங்களைத் தாராளமாக அமைத்தனர். ஆனால் அனுப்பும் கணினி, பாதையில் நெரிசல் உண்டென்பதைப் பெரும்பாலும் துணுக்குகள் தொலைவதைக் கொண்டே உணர்கிறது. பெரிய தாங்ககம் எதனையும் தொலைப்பதில்லை. ஆகவே அனுப்புபவன் நெரிசலை அறியாது மேலும் மேலும் அனுப்புகிறான்.

2012இல் கத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் ஆகிய இருவரும் இதற்கொரு மருந்து கண்டனர். அவர்களது முறை, வரிசையில் எத்தனை துணுக்குகள் நிற்கின்றன என்று பார்ப்பதில்லை. அவை எவ்வளவு நேரம் காத்திருந்தன என்றே பார்க்கிறது. காத்திருப்பு 100 மில்லிசெக்கன் முழுதும் 5 மில்லிசெக்கனுக்குக் கீழே இறங்காவிடின் சிலவற்றை எறியத் தொடங்குகிறது. எறிதல் நம்பகத்துக்கு மாறானது போலத் தோன்றும். எனினும் அனுப்பியவன் அக்குறிப்பை உணர்ந்து வேகத்தைத் தணிக்கிறான். எறியப்பட்ட காணொளித் துணுக்கை மீண்டும் அனுப்புகிறான்.

எங்கள் வீட்டு வழிப்படுத்தியில் இம்முறை இல்லை. ஆதலால் ஞாயிறு மாலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை காணொளி ஏற்றுவதை நான் தடைசெய்திருக்கிறேன். மகனுக்கு அதில் மனக்குறைதான். தாயாரோ, தம்பி பழையபடி தம்மைப் பேசவிடாமல் இடைமறிக்கிறான் என்று எல்லோரிடமும் பெருமையாக முறையிட்டுக்கொண்டிருக்கிறார்.