குளிர்காலத்துத் தேன்: தென் கலிபோர்னியாவின் நாட்டுச்செடி நாற்றுப்பண்ணைகள்

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வடபுறத்தில், சன் வேலி என்னும் மலையடிவாரப் பகுதியில், தியோடர் பெய்ன் அறக்கட்டளையின் நாற்றுப்பண்ணை அமைந்துள்ளது. இங்கிலாந்தில் பிறந்து 1893இல் கலிபோர்னியாவுக்கு வந்த பெய்ன், அந்நிலத்தின் காட்டுச்செடிகள் குறைந்து வருவதைக் கண்டு அவற்றின் விதைகளைத் திரட்டி விற்றவர். அவர் பெயரால் 1960இல் நிறுவப்பட்ட இவ்வறக்கட்டளை அதே பணியைத் தொடர்கிறது. இத்தகைய பண்ணைகளுக்கு வருவோரில் பலர், தம் வீட்டுத் தோட்டத்திற்கு ஓசனிச்சிட்டுகளை வரவழைக்கும் செடிகளைத் தேடி வருபவர்கள்.

ஹம்மிங்பேர்ட் எனப்படும் ஓசனிச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் பறவை. தமிழ்நாட்டுத் தோட்டங்களில் பெரும்பாலும் கிளையைப் பற்றி அமர்ந்து தேன் உண்ணும் தேன்சிட்டு வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. ஓசனிச்சிட்டோ சிறகுகளை இடைவிடாது அடித்து அந்தரத்தில் நின்றபடியே தேனை உறிஞ்சுவதால், அதன் உடலுக்குப் பகல் முழுதும் சர்க்கரை தேவைப்படுகிறது. நீண்ட குழல் வடிவமும் சிவப்பு நிறமும் கொண்டு, மணம் குறைந்து, நீர்த்த தேனை மிகுதியாகச் சுரக்கும் பூக்கள் இப்பறவையின் மகரந்தச் சேர்க்கைக்கு ஏற்ப அமைந்தவை. எனவே சிவப்புப் பூவைத் தேடுவது தவறன்று. ஆயினும் அந்தப் பூ எந்த மாதத்தில் மலர்கிறது என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

காரணம், தென் கலிபோர்னியாவில் ஆண்டு முழுதும் தங்கியிருக்கும் அன்னா ஓசனிச்சிட்டு, மற்றப் பறவைகள் கூடு கட்டும் வசந்தத்திற்கு வெகுமுன்பே, குளிர்கால மழையோடு இனப்பெருக்கத்தைத் தொடங்கிவிடுகிறது. அவ்வேளையில் தேன் தருபவை மன்சனீட்டா என்னும் செம்பட்டைப் புதரும், ரைபீஸ் பேரினத்தைச் சேர்ந்த செடிகளும் ஆகும். இவற்றுள் செந்நிறப் பூக்கள் வரிசையாகத் தொங்கும் ரைபீஸ் ஸ்பீசியோசம் ஜனவரி முதலே பூக்கத் தொடங்கும். அதன் மகரந்தச் சேர்க்கை பெரிதும் இப்பறவையையே சார்ந்திருக்கிறது. கருவாலி மரநிழலில் படரும் ஓசனிச்சிட்டுச் சால்வியா வசந்தத்திலும், கலிபோர்னியா ஃபூக்சியா கோடை முடிந்து இலையுதிர்காலம் வரையிலும் தேன் தரும். இப்படி ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று மலரும் வரிசையை அமைப்பதே நல்ல தேர்வு.

இந்தச் செடிகளைத் தொட்டிக்குக் கொண்டுவரும் உழைப்பு எளிதன்று. ரைபீஸ் விதை, ஈரத்தோடு சில மாதங்கள் குளிரில் வைக்கப்பட்ட பின்னரே முளைக்கும். கடினமான ஓடுடைய மன்சனீட்டா விதையைக் காட்டில் நெருப்பும் புகையும் முளைக்கத் தூண்டுகின்றன. அதற்காகக் காத்திருக்க இயலாத பண்ணையாட்கள் தண்டுத் துண்டுகளை வெட்டி, கீழ்க்கணுவை வேரூக்கி மருந்தில் தோய்த்து, பெர்லைட் கலந்த ஊடகத்தில் நட்டு, அடியில் மட்டும் மிதமான சூடு கொடுத்து வேர்விடச் செய்கிறார்கள். தண்டெங்கும் முள் அடர்ந்த ரைபீஸ் ஸ்பீசியோசத்தைக் கையாள்வதற்குத் தடித்த தோல் கையுறை வேண்டும். கலிபோர்னியப் பண்ணைகளில் இவ்வேலையைச் செய்வோரில் மெக்சிகோவிலிருந்து வந்த ஸ்பானிய மொழியினர் மிகுதி. செடியின் விலைச்சீட்டில் இவர்களின் கைத்திறனுக்கு இடமில்லை என்பது வருந்தத்தக்கது.

உழைப்போடு நோய்த்தடுப்பும் பண்ணைகளின் கவலையாயிற்று. 2012இல் கலிபோர்னியாவின் மான்டரே மாவட்டத்து நாட்டுச்செடிப் பண்ணையொன்றில், ஃபைட்டாப்தொரா டென்டாகுலாட்டா என்னும் வேரழுகல் நோய்க்கிருமி அமெரிக்காவில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. இயற்கை நிலத்தை மீட்பதற்கென வளர்க்கப்பட்ட செடியே அந்நிலத்திற்கு நோயைக் கொண்டுசெல்லக்கூடும் என்ற உண்மை இத்தொழிலை உலுக்கியது. தொட்டிகளைத் தரையில் வைக்காமல் உயர்ந்த மேடைகளில் அடுக்குவதும், மண்கலவையை நீராவியால் சுத்திகரிப்பதும், நீர்க்குழாயின் முனை தரையில் படாமல் தொங்கவிடுவதும் அதன்பின் பல பண்ணைகளில் வழக்கமாயின.

நாட்டுச்செடி இன்றியே இப்பறவை வாழ்கிறதே என்று கேட்கலாம். யூகலிப்டஸ் போன்ற அயல் மரங்களும் சர்க்கரைநீர்க் குப்பிகளும் துணைசெய்ததால், அன்னா ஓசனிச்சிட்டு வடக்கே கனடா வரை பரவியிருப்பது உண்மை. ஆனால் குஞ்சுகளின் வளர்ச்சிக்குத் தேன் மட்டும் போதாது; சிறு பூச்சிகளும் சிலந்திகளும் வேண்டும், கூட்டைப் பிணைக்கச் சிலந்தி நூலும் வேண்டும். மண்ணுக்குரிய செடி அவற்றையும் சேர்த்து வளர்க்கிறது. பூச்சிக்கொல்லி தெளித்த தோட்டத்தில் எந்தச் சிவப்புப் பூவும் அந்தக் குறையை ஈடுசெய்யாது.

வாங்குவோர் பெரும்பாலும் பூத்திருக்கும் தொட்டியையே எடுத்துச் செல்கின்றனர். ரைபீஸ் ஸ்பீசியோசமோ கோடை வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு, பட்டுப்போன குச்சியைப் போல் நிற்கும். அது உயிரோடுதான் இருக்கிறது. அதைத் தயங்காமல் வாங்கி, மழை தொடங்கும் நவம்பரில் நட்டு, வேரூன்றிய பின் கோடையில் நீரைக் குறைத்துவிடுங்கள்.