ஜிப்சிக்கு ஒரு திட்டவரைவு

வண்டியைக் காட்டுப் பாதைக்கேற்ப மாற்றியமைக்க விரும்புவோர் பெரும்பாலும் உதிரிப்பாகங்களின் பட்டியலிலிருந்தே தொடங்குகின்றனர். பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங், முன்புறம் வின்ச், கூரைமேல் சுமைச்சட்டம் எனப் பட்டியல் நீளும். கருவிகளின் பட்டியலோடு ஆய்வுத் திட்டவரைவு கொண்டுவரும் மாணவரிடம் நெறியாளர் கேட்கும் கேள்வி இங்கும் பொருந்தும்: உங்கள் ஆய்வு வினா என்ன?

என் வினா எளியது. மைசூரிலிருந்து கொள்ளேகால் வழியாக மாதேசுவர மலைக்குச் சென்று, அங்கிருந்து வனத்துறையின் அனுமதியோடு சோலிகர் வாழும் போடுகளை அடைய வேண்டும். மொழியை ஆவணப்படுத்தும் பணி. ஒலிப்பதிவுக் கருவியும் மின்கலங்களும் நனையாமல், புழுதி படியாமல் போய்ச் சேர வேண்டும். மழைக்காலத்திலும் இது நடக்க வேண்டும். செலவு, மாதம் 42,000 ரூபாய் ஆய்வு உதவித்தொகையில் மிச்சப்பட்டதற்குள் அடங்க வேண்டும். கையிலிருப்பது 2012இல் பதிவான ஒரு ஜிப்சி கிங்.

இவ்வண்டியின் வரலாறே அதன் வலிமையை விளக்கிவிடும். ஜப்பானின் ஹோப் மோட்டார் என்னும் சிறு நிறுவனம் 1960களின் இறுதியில் உருவாக்கிய ஒரு குட்டி நான்கு சக்கர இயக்க வண்டியின் உரிமையைச் சுசுகி வாங்கியது. அதைச் செம்மைப்படுத்தி, 359 சி.சி. என்ஜினோடு 1970இல் ஜிம்னி என வெளியிட்டது. அடுத்த தலைமுறையின் நீளமான வடிவத்தை 1985 டிசம்பரில் மாருதி இந்தியாவுக்குக் கொண்டுவந்து ஜிப்சி என்று பெயரிட்டது. அப்போது அதன் என்ஜின் 970 சி.சி.; 1996இல் 1,298 சி.சி. ஆனது, 2000இல் எரிபொருள் உட்செலுத்தும் முறை வந்து ஆற்றல் 80 குதிரைத்திறனாக உயர்ந்தது. 2019இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. 2023இல் அதன் இடத்துக்கு ஐந்து கதவு ஜிம்னி வந்தது. இத்தனை ஆண்டுகளிலும் ஜிப்சியின் அடிப்படை மாறவில்லை: ஏணிபோன்ற சட்டகம், இருபுறமும் திண்மையான அச்சு, லீஃப் ஸ்பிரிங், ஏறத்தாழ ஆயிரம் கிலோ எடை. சேற்றில் கனமான வண்டி புதையும் இடத்தில் இது மிதந்து செல்வதற்குக் காரணம் அந்த எடைதான். எனவே எதைச் சேர்ப்பது என்று கேட்பதற்கு முன், எதைச் சேர்க்காமல் இருப்பது என்று கேட்பதே முறை.

டயர் கணக்கை எடுத்துக்கொள்வோம். நிறுவன அளவான 205/70 ஆர்15 டயரின் விட்டம் 668 மி.மீ. பலரும் விரும்பும் 30 அங்குல டயரின் விட்டம் 762 மி.மீ. அதைப் பூட்டினால் அச்சு 47 மி.மீ. உயரும். திண்மையான அச்சுள்ள வண்டியில் டிஃபரென்ஷியலின் அடிப்பகுதியைத் தரையிலிருந்து உயர்த்தும் வழி டயர் மட்டுமே. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் கூடு உயருமே தவிர, பாறையில் இடிக்கும் அந்தக் குமிழ் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் அந்த 47 மி.மீ.க்கு ஒரு விலை உண்டு. சக்கரம் 14 விழுக்காடு பெரிதாவதால், ஒவ்வொரு கியரிலும் இழுவிசை ஏறத்தாழ 12 விழுக்காடு குறையும். ஜிப்சியின் உச்ச முறுக்குவிசை நிமிடத்துக்கு 4,500 சுற்றில்தான் கிடைக்கிறது. மெதுவாக ஏற வேண்டிய பாறைச் சரிவில் அவ்வேகத்தில் என்ஜினைச் சுழற்ற முடியாது. குறைந்ததை ஈடுசெய்ய டிரான்ஸ்பர் கேஸில் வேறு பற்சக்கரங்கள் வேண்டும். வேகமானியும் பொய் சொல்லும்: அது 60 காட்டும்போது உண்மை வேகம் 68. ஒரு மாற்றம் மூன்று மாற்றங்களை வேண்டி நிற்கிறது. இடைப்பட்ட 215/75 அளவுக்குச் சென்றால் கிடைக்கும் உயர்வு 18 மி.மீ. மட்டுமே. ஆகவே அதே அளவில், ஆழமான தடமுள்ள டயர் என முடிவு செய்தேன். சேற்றில் காற்றழுத்தத்தைக் குறைத்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு நீள்கிறது. மீண்டும் காற்றேற்ற ஒரு சிறு கம்ப்ரஸர் போதும்.

சட்டமும் இதே திசையில்தான் தள்ளுகிறது. பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. முன்புற இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே நடுவண் அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்திவிட்டது. என் வண்டிக்கு 2027இல் பதினைந்து ஆண்டு நிறைகிறது. பதிவைப் புதுப்பிக்கத் தகுதிச் சோதனைக்கு நிறுத்த வேண்டும். அன்று கழற்றி ஒளிக்க வேண்டிய எதையும் இன்று பூட்டுவதில் பொருளில்லை.

இவ்வளவும் காகிதத்தில் முடிந்த பிறகு, சென்ற களப்பயணத்தில் திட்டத்தை ஒரு போடுவின் மூதாட்டியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். தேன், கிழங்கு, பறவை பற்றிய சொற்களை எனக்குச் சொல்லித் தருபவர் அவர். நான் வண்டியின் படத்தைக் காட்டி, பின்புறத்தில் கருவிகளுக்காகப் பூட்டவிருக்கும் இழுப்பறைப் பெட்டியை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: இதில் ஓர் ஆளைப் படுக்க வைக்க முடியுமா?

அந்தக் கேள்வியின் பின்புலம் அப்பகுதியை அறிந்தவர்களுக்குத் தெரியும். வண்டி வராத போடுகளிலிருந்து நோயாளிகளையும் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் பெண்களையும் கம்பில் கட்டிய துணித்தூளியில் சுமந்துவரும் செய்திகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. அங்கு நிற்கும் எந்த வண்டியும், அது யாருடையதாயினும், நள்ளிரவில் ஆம்புலன்ஸ்தான். களப்பணி அறத்தைப் பற்றி நாம் கருத்தரங்குகளில் நிறையப் பேசுகிறோம். தகவலாளரின் ஒப்புதல், பதிவுகளின் உரிமை, திருப்பியளித்தல் என. திருப்பியளித்தல் என்பது அச்சிட்ட அகராதியாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. ஐந்தரை அடி நீளமுள்ள ஒரு வெற்றிடமாகவும் அது இருக்கலாம்.

ஆகவே இழுப்பறைப் பெட்டி போயிற்று. இடப்புற முன்னிருக்கையின் சாய்வைப் பின்னோக்கிச் சரித்து, அதே மட்டத்தில் பின்புறம் கழற்றி மாட்டும் பலகை ஒன்றை வைத்தால் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். நாடாவால் அளந்து பார்த்துவிட்டேன். இருக்கைகளின் எண்ணிக்கை மாறாததால் பதிவுச் சான்றிதழுக்கு முரணில்லை. கருவிகள் காற்றுப்புகாத ஒரு பெட்டிக்குள், வலப்புற நீள் இருக்கைக்கு அடியில் சென்றுவிட்டன. வின்ச்சுக்கு ஒதுக்கிய பணம் தேய்ந்த லீஃப் ஸ்பிரிங்குகள், புஷ்கள், அதிர்வுதாங்கிகள் ஆகியவற்றை நிறுவன அளவிலேயே புதிதாக்கச் செல்கிறது. வலியில் கிடப்பவருக்கு ஒவ்வொரு குலுக்கலும் ஒரு கணக்கு. மீட்புக்கு ஒரு கயிறு, இரண்டு மண்வெட்டி. அச்சுகளின் காற்றுக்குழாய்களை மட்டும் உயரே நீட்டச் சொல்லியிருக்கிறேன். சூடேறிய அச்சு ஓடைநீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி நீரை இழுத்துக்கொள்ளும், எண்ணெய் பாலாகிவிடும். சில நூறு ரூபாய் ரப்பர் குழாய் அதைத் தடுக்கும்.

என் மெக்கானிக் பட்டியலைப் படித்துவிட்டு, இதில் வெளியே தெரியும்படி எதுவுமே இல்லையே என்றார். உண்மைதான். தசரா விடுமுறை முடிந்ததும் வண்டி பட்டறைக்குள் செல்கிறது. முதல் வேலை, பலகை.