காணாத சீட்டு

சீட்டாட்டம் என்றவுடன் முகஞ் சுளிப்போர் நம்மிடையே பலர் உளர். குடும்பங்களைக் கெடுத்த சூதின் நினைவு அவர்களை அவ்வாறு செய்விக்கின்றது, அதிற் குற்றமில்லை. ஆயினும், பணயமின்றி ஆடப்படும் சீட்டு, கணக்கறிவையும் மனிதரை அறியும் அறிவையும் ஒருங்கே வளர்க்கவல்லது என்பதை இங்கு கூற விழைகின்றேன்.

மொனராகலையின் இறப்பர்த் தோட்டமொன்றிற் பிறந்தவன் நான். மழை பெய்தால் அங்கு பால் வெட்டு இல்லை. அத்தகைய நாள்களில் லயத்து இஸ்தோப்பிற் பாய் விரித்து ‘முன்னூற்று நாலு’ ஆடுவர். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓரினத்துக்கு 76 புள்ளி, நான்கினத்துக்கு 304. ஆட்டத்தின் பெயர்க் காரணம் இதுவே. துரும்புச் சீட்டு கவிழ்த்தே வைக்கப்படும். கூட்டாளியின் கையையும் காண இயலாது. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்தலே ஆட்டம்.

பல்கலைக்கழகத்துக்கு வந்தபின் விடுதி நண்பரொருவர் பிரிட்ஜ் ஆட்டத்தைக் கற்பித்தார். அமெரிக்கரான ஹரோல்ட் வண்டர்பில்ட் 1925ஆம் ஆண்டு இதற்கு இன்றைய வடிவை அளித்தார். இங்கு ஐம்பத்திரண்டு சீட்டுகளும் ஆடப்படும். ஆடுபவரின் கூட்டாளி தம் கையை மேசைமீது விரித்துவிடுவார். ஆகவே இருபத்தாறு சீட்டுகள் கண்முன் கிடக்கும். எஞ்சியவற்றைக் கணிக்க வேண்டும்.

நண்பர் இட்ட முதற் புதிரைக் கேளுங்கள். மேசைமீது இஸ்பேட் ஆசு, ராசா, பத்து, ஒன்பது; நம் கையில் எட்டு முதல் நான்கு வரை ஐந்து சீட்டுகள். எதிரிகளிடம் இருப்பவை ராணி, ஜாக்கி, மூன்று, இரண்டு. நாம் நான்கை இறக்குகின்றோம், இடப்புறத்தார் இரண்டை இடுகின்றார், மேசையிலிருந்து ஆசு, வலப்புறத்தாரிடமிருந்து ராணி விழுகின்றது. மீண்டும் கையிலிருந்து சிறு சீட்டொன்றை இறக்க, இடப்புறத்தார் மூன்றை இடுகின்றார். இனி ஜாக்கி மட்டுமே எஞ்சியுள்ளது. அது வலப்புறத்தில் இருப்பின் ராசாவை இட்டால் விழும். இடப்புறத்தில் இருப்பின் பத்தை இட்டாலே போதும். எதை இடுவது?

நான்கு சீட்டுகள் இரண்டிரண்டாகப் பிரிவது நூற்றுக்கு 40.7, அதற்கு ஆறு வகை. மூன்றும் ஒன்றுமாகப் பிரிவது 49.7, அதற்கு எட்டு வகை. எனவே வலப்புறத்தாரிடம் ராணியும் ஜாக்கியும் சேர்ந்திருத்தல் ஏறத்தாழ 6.8, ராணி தனித்திருத்தல் 6.2. இத்துடன் நின்றால் ராசாவை இடுதலே சரியெனத் தோன்றும். ஆனால் இரண்டும் இருந்திருப்பின் அவர் ஜாக்கியையும் இட்டிருக்கலாமன்றோ? இரண்டில் எதையும் சமமாகவே இடுவாராயின், ராணியை இட்டிருக்கும் வாய்ப்பு 6.8இற் பாதி, அதாவது 3.4. ராணி தனித்திருந்தாலோ அவருக்கு வேறு வழியே இல்லை. ஆகவே பத்தை இடுபவர் நூற்றுக்கு ஏறத்தாழ 65 தடவை வெல்வார். இந்நியாயத்தை டெரன்ஸ் ரீஸ் 1958இல் வெளியான தமது நூலில் விரித்துரைத்தார்.

இப்புதிர் என்னை உறங்கவிடவில்லை; காரணம் சீட்டன்று.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்களாற் பங்கிட்டது: 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு. என் பாட்டனார் இலங்கைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தார். அவர் தம்பி இந்தியாவுக்கு விண்ணப்பித்துத் தலைமன்னாரிற் கப்பலேறினார். 1983இல் இங்கு வீடுகள் எரிந்தபோது, “அண்ணன் பிழை செய்தார்” என்றனர் நீலகிரியிலிருந்த உறவினர். அங்கு கடனும் வேலையின்மையும் வாட்டியபோது, “தம்பி அவசரப்பட்டார்” என்றனர் எம்மவர். இரு வீட்டாரிடையே இன்றும் அப்பேச்சு ஓயவில்லை.

பத்தை இட்டுத் தோற்பவர் நூற்றில் முப்பத்தைவர். அவர்கள் பிழையாக ஆடியவர்களல்லர். முடிவைக் கொண்டு தீர்மானத்தை எடைபோடுதல், சீட்டு முழுவதையும் திருப்பிப் பார்த்தபின் ஆடியவரை ஏசுவது போன்றது. அதனினும் ஆழ்ந்தது மற்றைய பாடம்: ஒருவர் இட்ட சீட்டை மட்டும் நோக்கினாற் போதாது, வேறொன்றை இட அவருக்கு வழியிருந்ததா என்றும் வினவ வேண்டும். பாட்டனாரின் தாயார் அன்று நோயிற் கிடந்தார். கடல் கடக்க இயலாதவர். தம்பியின் மனைவிவழி உறவினரோ அனைவரும் முன்னரே சென்றுவிட்டனர். அண்ணனிடமும் தம்பியிடமும் இருந்தது ஒவ்வொரு சீட்டுத்தான். அதனையே இட்டனர்.

இக்கணக்கை நீலகிரியிலுள்ள உறவினருக்கு விரிவாக எழுதி அனுப்பியுள்ளேன். விடை இன்னும் வரவில்லை.