சஞ்சய் வனத்துக்குப் போன கட்டை

தில்லி பஸ்ஸில் போய்வந்தவர்களுக்கு ஒரு வாசகம் மனப்பாடமாக இருக்கும்: இருக்கைக்கு அடியில் பாருங்கள், வெடிகுண்டாக இருக்கலாம். 2005 அக்டோபர் 29, தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, சரோஜினி நகர் சந்தையிலும் பகார்கஞ்சிலும் குண்டு வெடித்த மாலையில், கோவிந்த்புரியில் பஸ்ஸில் கிடந்த பையை அப்புறப்படுத்திய ஓட்டுநர் பார்வையை இழந்தார். அந்த ஊரில்தான், ஒரு டப்பாவுக்கு வேஷம் போட்டுக் காட்டில் ஒளித்துவைக்க வேண்டும் என்றாள் என் அக்கா மகள்.

சியாட்டிலில் படிக்கிறாள். ஜியோகேச்சிங் அவளுக்குப் பைத்தியம். ஒருவர் டப்பாவை ஒளித்து அட்சரேகை, தீர்க்கரேகையை வெளியிடுவார். மற்றவர்கள் செயற்கைக்கோள் வழிகாட்டியோடு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். விளையாட்டுக்குக் காரணமானவர் பில் கிளின்டன். பொதுமக்களுக்குக் கிடைத்த ஜி.பி.எஸ். சமிக்ஞையை அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அவர் அதை நிறுத்தச் சொன்னார். துல்லியம் ஏறத்தாழ பத்து மடங்கு கூடியது. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலக் காட்டில் ஒரு கறுப்பு வாளியை வைத்தார். உள்ளே புத்தகங்கள், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். இன்று அப்படி மறைந்திருப்பவை உலகெங்கும் 30 லட்சத்துக்கு மேல்.

பெட்டியிலிருந்து அவள் எடுத்த வேஷம் ஒரு பைன் காய், உள்ளே குடையப்பட்டது. அமெரிக்கக் காட்டில் கண்ணுக்கே தெரியாது. குதுப்மினாருக்குப் பக்கத்திலுள்ள சஞ்சய் வனத்தில் அதை வைத்தால் கல்யாண வீட்டில் புலி வேஷம் கட்டியவர் மாதிரி இருக்கும். முதலில் இடத்தைப் பார்த்து வருவோம் என்று கூட்டிப்போனேன்.

ஏறத்தாழ 780 ஏக்கர். தோமர் அரசர்கள் கட்டிய லால் கோட்டின் இடிந்த மதில் காட்டுக்குள் ஓடுகிறது. குரங்கு, நீல்காய் மான், மயில். எங்கு திரும்பினாலும் ஒரே மரம். ராமநாதபுரத்தில் பிறந்தவனுக்கு அதை யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம். சீமைக் கருவேலம். இங்கே பெயர் விலாயதி கீக்கர். விலாயதி என்றாலும் சீமைதான்! ஆயிரம் மைல் தாண்டியும் ஊர்க்காரனைப் பார்த்த எரிச்சல். “அப்போ வேஷமும் அதுதான் மாமா” என்றாள்.

எங்கள் குடியிருப்புக்கு வெளியே வெட்டிப் போட்டிருந்த கருவேலக் கிளையில் ஒரு முழ நீளம் எடுத்துக்கொண்டோம். முனிர்காவில் ஒரு தச்சர், நுனியில் பட்டையோடு ஒரு வில்லை அறுத்தெடுத்துவிட்டு, நடுவில் துளை போட்டுத் தந்தார். அந்த வில்லைதான் மூடி. அப்பாவின் பழைய பிலிம் ரோல் டப்பா துளைக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. வெள்ளைப் பசையால் ஒட்டினேன். தண்ணீர் பட்டதும் வில்லை கழன்றது. இரண்டு குழாயில் வரும் எபாக்சிப் பசைதான் நின்றது. டப்பாவுக்குள் தாளைப் போட்டு இரவு முழுக்க வாளித் தண்ணீரில் அமுக்கிவைத்தோம். காலையில் தாள் ஈரம். பிலிம் டப்பா ஒழுகும் என்பது அந்த வட்டாரத்தில் பிரசித்தமாம். எனக்கு மட்டும்தான் புதிது. கடைசியில் அவள் கொண்டுவந்திருந்த தடித்த பிளாஸ்டிக் குழாயைச் செருகினோம், குளிர்பான பாட்டிலாக ஊதப்படுவதற்கு முந்தைய வடிவம். சோதனைக் குழாய் போல இருக்கும், திருகு மூடி. ஒரு சொட்டு இறங்கவில்லை. மிட்டாய் வைக்கலாமா என்றேன். “உணவு கூடாது மாமா, மிருகங்கள் கடித்துப் போட்டுடும்.” குரங்குகளை நினைத்துக்கொண்டேன்.

மற்றொரு விதி: டப்பாவின் மேல் அது என்ன என்று எழுதியிருக்க வேண்டும். எழுதினோம், இந்தியிலும் ஆங்கிலத்திலும். ஆனால் எழுத்து கட்டைக்கு உள்ளே. வெளியே வெறும் பட்டை.

வாசலில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னார். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வில்லை கையோடு வந்ததும் ஓரடி பின்னால் போனார். நான் குழாயை எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். பளிங்கு மாதிரி, உள்ளே தாள் மட்டும். “விளையாட்டு” என்றேன். அவர் கோபப்படவில்லை. “வைத்துவிட்டுப் போவீர்கள் சாஹிப். நாளைக்கு எவனாவது ஒருவன் இங்கே குனிந்து துழாவுவான். பார்த்தவன் போலீசுக்கு போன் பண்ணுவான். அப்புறம் நான் எங்கே போவேன்?”

அவர் பயம் கற்பனை இல்லை. 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில் இப்படித்தான் ஒரு காபிக் கடை வாசலில் ஒருவர் குனிந்தார், கடைக்காரர் பார்த்தார். கடைத்தெருவைக் காலிசெய்து, படையினர் வந்து வெடிவைத்துத் தகர்த்தது ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை. நிலத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும் என்பது விளையாட்டின் விதியே. வழக்கமான வேகத்தில் அதைக் கடந்து போகலாம் என்று நினைத்தவன் நான்தான். அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் கட்டையைப் பையில் போட்டுக்கொண்டாள்.

குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். செயலாளர் இரண்டு முறை படித்துவிட்டு, காவலாளிக்குக் காட்டினால் சரி என்றார். பூங்காவின் பின்மூலையில், விறகுக் குவியலோடு கட்டை கலந்தது. கரையானுக்குப் பயந்து அடியில் ஒரு செங்கல். அக்கா மகள் ஊருக்குப் போய் மூன்று வாரமாகிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். தாளில் ஒரே ஆளின் கையெழுத்து பதினோரு முறை, இந்தியில், தேதியோடு. இரவுக் காவலாளி ரோந்து வரும்போதெல்லாம் போட்டிருக்கிறார்.