எல்லோருக்கும் ஒரு குரல்

எம்.பி.சீனிவாசன் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு முதலில் 'பாதை தெரியுது பார்' ஞாபகம் வரும். 1960இல் வந்த படம். ஜெயகாந்தன் அதில் பாட்டு எழுதியிருந்தார். படம் ஓடவில்லை, பாட்டு மட்டும் ரேடியோ புண்ணியத்தில் டி. கல்லுப்பட்டி டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்தது. நான் சொல்ல வந்தது சினிமா இல்லை. 1970களின் தொடக்கத்தில் அவர் ஆரம்பித்த 'மெட்ராஸ் யூத் கொயர்' என்ற சேர்ந்திசைக் குழுவைப் பற்றி.

சேர்ந்திசை நமக்குப் புதிதா என்று கேட்பீர்கள். நம் ஊர் மார்கழி பஜனையில் ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். நடவுப் பாட்டும் அப்படித்தான். ஒருத்தி எடுத்துக் கொடுக்க, வரிசையில் குனிந்திருக்கும் அத்தனை பேரும் வாங்கிப் பாடுவார்கள். கொயர் என்பது வேறு. ஒரே பாட்டை இரண்டு மூன்று குழுவாகப் பிரிந்து, ஒரு குழு மேலேயும் ஒரு குழு கீழேயுமாக, வெவ்வேறு ஸ்வரங்களில் ஒரே நேரத்தில் பாடுவது. கிறிஸ்துமஸ் சமயத்தில் சர்ச் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். நம் ராக சங்கீதத்துக்கு இது பழக்கமில்லாத வேலை. ராகத்தின் முகம் கெடாமல் பாரதி பாடல்களை அதற்குள் கொண்டுவந்தார் எம்.பி.எஸ்.

ஆள் யார் என்று பார்த்தால் இது ஆச்சரியமில்லை. 1925இல் பிறந்தவர். மாணவர் இயக்கத்தில் இருந்து கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனவர். டெல்லியில் ஏ.கே.கோபாலனுக்குச் செயலாளராக இருந்தார். ஜாலியன் வாலாபாக் காலத்துத் தலைவர் சைபுதீன் கிச்லுவின் மகள் ஜாகிதாவைத் திருமணம் செய்துகொண்டார். கோடம்பாக்கத்தில் சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டினார். பின்வரிசையில் வயலின் வாசிக்கிறவருக்கும் கூலி ஒழுங்காக வரவேண்டும் என்று நின்ற மனிதர், பாட்டிலும் பின்வரிசைக்காரரை விடவில்லை.

இதில்தான் எனக்கு அவர் மேல் மரியாதை. நான் படித்த பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைக்கு நாலு பேர் முன்னால் நின்று பாடுவார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கைகட்டி நிற்போம். ஆண்டு விழா வந்தது. கூட்டம் காட்டுவதற்காக இருபது பேரை மேடையில் ஏற்றினார்கள். என் பக்கத்தில் நின்ற பையனிடம் வாத்தியார், "டேய், நீ வாயை மட்டும் அசை. சத்தம் வரக்கூடாது" என்றார். அவன் அப்படியே செய்தான். அதற்குப் பிறகு அவன் பாடி நான் கேட்டதில்லை, கல்யாண வீட்டு நலுங்கில்கூட. அவனுக்குச் சுதி சேரவில்லை என்பது உண்மை. சேர்த்துவைக்க யாரும் அரைமணி நேரம் செலவழிக்கவில்லை என்பதும் உண்மை. கொயரில் இப்படிப்பட்ட குரலுக்கு ஓர் இடம் இருக்கிறது. எட்டாத உச்சியை அவன் தொட வேண்டாம். கீழ் ஸ்தாயியில் நாலு பேரோடு ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நின்றால் போதும், அவன் இல்லாவிட்டால் பாட்டில் பள்ளம் விழும்.

குரல் மட்டுமா பிரச்சினை? பஜனைக்குத் தெரு இருந்தது. இந்தத் தெரு பஜனையில் அந்தத் தெருக்காரர் ஜால்ரா தட்ட முடியாது. சிலர் வெளியே நின்று சுண்டல் வாங்கிக்கொண்டு போனதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம், பேசத்தான் மாட்டோம். அந்த வகையில் நம் ஊருக்கு காந்தி நிகேதன் ஆசிரமம் ஒரு கொடுப்பினை. ஜே.சி.குமரப்பா தம் கடைசிக் காலத்தில் தங்கியிருந்த இடம். 1960இல், காந்தி மறைந்த அதே ஜனவரி 30ஆம் தேதியில்தான் அவரும் மறைந்தார். ஆசிரமத்துக் கூட்டுப் பிரார்த்தனையில் ஸ்வரப் பிரிவு எதுவும் கிடையாது. ஆனால் எந்தத் தெரு என்று கேட்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாடினார்கள். எம்.பி.எஸ். சங்கீதத்தில் செய்ததற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

1988 மார்ச்சில், லட்சத்தீவுக்குப் போயிருந்த இடத்தில் எம்.பி.எஸ். காலமானார். குழுவை அவருடைய மாணவர்கள் தொடர்ந்து நடத்தினார்கள்.

இப்போது நம் விழாக்களைப் பாருங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து என்றதும் மைக்செட்காரர் ஒரு பட்டனை அழுத்துகிறார். எம்.எஸ்.வி. மோகனத்தில் போட்ட மெட்டு. நம் மதுரைக்காரர் டி.எம்.எஸ்ஸும் சுசீலாவும் பாடியது. அருமையான பாட்டு, மறுக்கவில்லை. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, இசைத்தட்டைப் போடாமல் வாயால் பாட வேண்டும் என்று அரசாணையிலேயே சொன்னார்கள். பயிற்சி பெற்றவர்கள் பாட வேண்டும் என்றும் இருந்தது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, "பயிற்சி பெற்றவருக்கு எங்கே போவது?" என்று பழையபடி பட்டனுக்கே போய்விட்டார்கள். 55 வினாடிப் பாட்டு. ஒரு வாரம் சாயங்காலம் உட்கார்ந்தால் யாருக்கும் வந்துவிடும்.

எங்கள் ஓய்வூதியர் கூட்டத்தில் நாங்களே பாடுகிறோம். ஆறு பேர், ஆறு சுதி. போன மாதம் சத்துணவு அமைப்பாளராக இருந்த அக்கா ஒருவர், "எல்லாரும் என் சுதிக்கு வாங்க சார்" என்று அதட்டினார். நாலு பேர் போய்ச் சேர்ந்தோம். மீதி இரண்டு பேருக்குக் காது கேட்கும் மிஷின் சரியில்லை.