பிஸ்டனா, பிக்கப்பா?

எங்கள் மாமா வாடகைக்கு ஓட்டுவது ஒரு பழைய டீசல் டர்போ கார். இரண்டு வீட்டுக்கும் அதுதான் சோறு. "கம்ப்யூட்டர்ல செட்டிங்கை மாத்துனா பிக்கப் அள்ளும்" என்று பட்டறையில் ஒருத்தர் சொல்லிவிட்டார். மாமாவுக்கு ஒரே ஆசை! இஞ்சினைப் பிரித்து பிஸ்டன், ராடு மாற்றத்தான் காசு இல்லை.

தாத்தா பொன்மலை டீசல் ஷெட்டில் வேலை பார்த்தவர். "2600 குதிரைசக்தி இஞ்சினை 3100 ஆக்குனாங்களே, டீசலை மட்டுமாடா கூட்டுனாங்க?" என்று கேட்டார்.

மின்கம்பி வருவதற்கு முன்பு நம்ம வையம்பட்டி ஸ்டேஷன் வழியா கரும்புகை விட்டுப் போன ரயில் இஞ்சின்தான் அது, டபிள்யூ.டி.எம்.2. 1990களில் வந்த 3ஏ-வுக்கும் அதே 16 சிலிண்டர்தான். ஆனால் டர்போ, டீசல் பம்பு, கேம் ஷாஃப்ட், காற்றைக் குளிர வைக்கும் கூலர் எல்லாம் மாறின. பிஸ்டன் தலைக்கு எஃகுத் தொப்பியே போட்டார்கள். ஏன் தெரியுமா? டர்போ காற்றைத் திணிக்கத் திணிக்க, டீசலும் கூட, உள்ளே சூடும் அழுத்தமும் எகிறும். பழைய பிஸ்டன் தாங்க வேண்டாமா? பஞ்சாபில் பாட்டியாலா பட்டறையில் பழைய இஞ்சின்களையும் இப்படித்தான் மாற்றிக் கட்டினார்கள்.

மாமா கம்ப்ரஷன் சோதித்துப் பார்த்தார். மூன்றாவது சிலிண்டரில் குறைவு. "முதல்ல ரிங்கு, அப்புறம் பாப்போம்" என்று முடிவு பண்ணிவிட்டார். பட்டறைக்காரர் இன்னும் கேலி பண்ணுகிறார். நான் தாத்தா கட்சி.