மணியடிப்பும் டைப்ஸ்கிரிப்ட்டும்

சாணக்யபுரி ரயில் மியூசியம் பக்கம் போனாலே எனக்கு ஸ்டேஷன்களுக்கு இடையே ரயில் சேதி சொல்லும் பிளாக் கருவி ஞாபகம்தான். அதில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் மணியடிப்பார், அடுத்த ஸ்டேஷனில் கேட்கும். எத்தனை அடிக்கு என்ன பொருள் என்பது முன்பே எழுதி வைத்த விதி.

நோட் ஜேஎஸ்ஸில் நிகழ்வுகளைப் பெயர் சொல்லி அனுப்பும் ஈவென்ட் எமிட்டரும் இப்படித்தான்; ஆனால் அதில் அப்படி ஒரு விதியை யாரும் கேட்பதில்லை. 'வந்தது' என்ற நிகழ்வுக்குக் காத்திருக்கும்போது 'வந்து' என்று அனுப்பினால் பிழையே வராது. சேதி காற்றில் போகும். 2012-ல் வந்த டைப்ஸ்கிரிப்ட்டில் நிகழ்வின் பெயர், அதோடு போகும் தகவலின் வகை இரண்டையும் கிளாஸிலேயே அறிவிக்கலாம். எழுத்து பிசகினால் ஓட்டும் முன்பே எடிட்டரில் சிவப்புக் கோடு. எனக்கு இது பெரிய நிம்மதி.

நிகழ்வுக்குக் காத்திருக்கும் லிஸனரை நீக்க மறப்பதை மட்டும் டைப் பிடிக்காது. ஒரே நிகழ்வுக்கு 10-க்கு மேல் சேர்ந்தால் நோட் எச்சரிக்கும். காரணம் தேடாமல் வரம்பை உயர்த்தி அதன் வாயை அடைத்துவிடாதீர்கள்.